யார் தைத்த உடை?

1939 ஜூலை 2ஆம் தேதி, நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியில் கேரவன் ஹால் என்ற அரங்கில் உலக அறிவியல் புனைகதை மாநாடு முதன்முறையாகக் கூடியது. வந்தவர்கள் ஏறத்தாழ இருநூறு பேர். பெரும்பாலும் இளைஞர்கள், அந்தக் கால வழக்கப்படி கோட்டும் டையுமாக வந்திருந்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வந்த இருவர் மட்டும் இன்னும் பிறக்காத ஒரு நூற்றாண்டின் மனிதர்களைப்போல உடுத்தியிருந்தார்கள். ஒருவர் ஃபாரஸ்ட் ஜே. ஆக்கர்மன், மற்றவர் மர்ட்டில் டக்ளஸ். அறிவியல் கதை இதழ்களின் ஓவியர் ஃப்ராங்க் ஆர். பால் தீட்டிய எதிர்கால மனிதர்களையும், ஹெச். ஜி. வெல்ஸ் திரைக்கதை எழுதி 1936இல் வெளிவந்த ‘திங்ஸ் டு கம்’ படத்தின் உடைகளையும் மனதில் வைத்துத் தைக்கப்பட்டவை அவை. கதைப் பாத்திரங்களாக உடுத்திக்கொள்ளும் காஸ்ப்ளே கலையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த நாளிலிருந்துதான் தொடங்குவார்கள். அதில் தவறில்லை. ஆனால் பலர் அடுத்த வரியிலேயே ஆக்கர்மனை உலகின் முதல் காஸ்ப்ளேயர் என்று அறிவித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்த இரண்டு உடைகளையும் வடிவமைத்தவர், வெட்டியவர், தைத்தவர் டக்ளஸ். ஆக்கர்மன் போட்டுக்கொண்டார்.

டக்ளஸ் அந்த வட்டாரத்தில் ‘மொரோஜோ’ என்ற பெயரால் அறியப்பட்டவர். எஸ்பராண்டோ மொழியில் அவர் பெயரின் முதலெழுத்துகளை உச்சரித்தால் வரும் பெயர் அது. இருவருமே எஸ்பராண்டோ ஆர்வலர்கள். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது, ஆக்கர்மனுக்கு இருபத்திரண்டு. ஆக்கர்மனோடு சேர்ந்து ரசிகர் இதழ் ஒன்றைப் பல ஆண்டுகள் நடத்தினார். 1964இல் இறந்துபோனார். ஆக்கர்மன் 2008 வரை இருந்தார். இதழாசிரியராக, சேகரிப்பாளராக, பேட்டி கேட்டு வருகிறவர்களுக்குச் சளைக்காமல் கதை சொல்கிறவராக வாழ்ந்தார். யார் அதிக நாள் உயிரோடு இருந்து பேசுகிறாரோ அவர் கையில் வரலாறு போய்ச் சேர்வது புதிதல்ல. ஆனால் இங்கே நடந்தது ஒரு தனிமனிதரின் பெயர் விடுபட்டுப்போனது மட்டுமில்லை என்பது என் எண்ணம். வேடத்தை யார் அணிந்தார், அதற்கு யார் பெயர் வைத்தார் என்று தேடியே இந்தக் கலையின் வரலாறு எழுதப்பட்டுவருகிறது. யார் தைத்தார், தைத்ததைப் பார்த்து அதன் அருமை தெரிந்தவர்கள் எப்போது ஒரு கூட்டமாகச் சேர்ந்தார்கள் என்று தேடினால் கிடைப்பது வேறு வரலாறு. முதல் வரலாறு சாதனையாளர்களின் பட்டியலாகச் சுருங்கிவிடும். இரண்டாவதுதான் இந்தப் பழக்கம் ஏன் அணையாமல் நின்றது என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறது.

‘முதல்’ என்ற பட்டத்துக்கு 1939 தகுதியானதுதானா என்பதே சந்தேகம். கதைப் பாத்திரங்களாக உடுத்திக்கொண்டு கூடுவது அதற்கு வெகு முன்பே நடந்திருக்கிறது. 1877இல் பிரான்ஸின் அமியேன் நகரில் ஜூல்ஸ் வெர்ன் ஒரு மாறுவேட விருந்து நடத்தினார். நிலவுக்குக் குண்டில் பயணம் போகும் அவருடைய கதையின் நாயகன் மிஷேல் ஆர்தானாக, அந்தக் குண்டின் மாதிரிக்குள்ளிருந்தே வெளிப்பட்டார் புகைப்படக்காரர் நாடார். அந்தப் பாத்திரமே நாடாரை மனதில் வைத்து, அவர் பெயரின் எழுத்துகளை மாற்றிப் போட்டு உருவாக்கப்பட்டது என்பதால், தன்னையே வேடமாகப் போட்டுக்கொண்ட விசித்திரம் அது. 1891 மார்ச்சில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், புல்வர் லிட்டன் 1871இல் எழுதிய ‘தி கமிங் ரேஸ்’ நாவலின் பாதாள உலகத்தை அப்படியே எழுப்பி, ஒரு மருத்துவமனைக்கு நிதி திரட்ட விழா எடுத்தார்கள். நாவலின் மனிதர்களாக உடுத்தியவர்கள் அங்கே நடமாடினார்கள். 1908இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்துத் தம்பதி ஒன்று, செய்தித்தாள் சித்திரக்கதையில் வந்த செவ்வாய்க்கிரக மனிதர் ‘மிஸ்டர் ஸ்கைகேக்’ முதலிய பாத்திரங்களின் வேடத்தில் உருள்சறுக்கு அரங்கு ஒன்றின் மாறுவேட விழாவுக்குப் போனது. இரண்டு ஆண்டுகள் கழித்து டகோமா நகரில் அதே ஸ்கைகேக் வேடத்துக்கு முதல் பரிசு வாங்கினார் ஒரு பெண். பெயர் பதிவாகவில்லை.

கதை இருந்தது, பாத்திரம் இருந்தது, உடை இருந்தது, பரிசுகூட இருந்தது. ஆனால் எதுவும் அடுத்த ஆண்டுக்குத் தொடரவில்லை. சின்சினாட்டித் தம்பதி போன அரங்கில் இருந்தவர்கள் சறுக்கி விளையாட வந்தவர்கள். பக்கத்தில் போனவர் கோமாளியாகவோ கடற்கொள்ளையராகவோ வந்திருப்பார். ஸ்கைகேக்கின் உடை அச்சில் இருப்பதுபோலவே இருக்கிறதா என்று கூர்ந்து பார்க்கும் ஆர்வம் அங்கே யாருக்கும் இருந்திருக்கத் தேவையில்லை. லண்டன் விழாவுக்குப் போனவர்கள் தர்மத்துக்குப் பணம் கொடுக்கப் போனவர்கள். இந்த முயற்சிகளைக் காஸ்ப்ளேயின் முன்னோடிகள் என்று வரிசைப்படுத்துவதைவிட, காஸ்ப்ளே ஆகாமல் போனவை என்று படிப்பது பயனுள்ளது. எது இல்லாததால் அவை வேர்பிடிக்கவில்லை என்பதை அவை காட்டிக்கொடுக்கின்றன.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஐரோப்பிய மேட்டுக்குடியினர் ஆண்டுதோறும் மாறுவேட நடனங்கள் நடத்தினார்களே, அங்கே தொடர்ச்சி இருந்ததே, கூட்டமும் இருந்ததே என்று கேட்கலாம். அவற்றில் மிகப் புகழ்பெற்றது விக்டோரியா ராணியின் வைர விழா ஆண்டான 1897இல் லண்டன் டெவன்ஷர் மாளிகையில் நடந்தது. நாள், ஜூலை 2. கேரவன் ஹால் மாநாட்டுக்குச் சரியாக நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன். இது வெறும் தற்செயல்தான் என்றாலும் ஒப்பிடுவதற்கு வசதியான தற்செயல். ஏறத்தாழ எழுநூறு விருந்தினர்கள் வரலாற்று மாந்தர்களாகவும் புராண மாந்தர்களாகவும் வந்தார்கள். விருந்தளித்த டெவன்ஷர் கோமகள், பல்மைரா நாட்டு அரசி ஸெனோபியாவாக வந்தார். அவருடைய உடை பாரிஸின் வொர்த் நிறுவனத்தில் தைக்கப்பட்டது. லஃபாயெத் என்ற புகைப்பட நிறுவனம் தோட்டத்தில் கூடாரம் போட்டு, பின்திரை கட்டி, விருந்தினர்களை வேடத்தோடு படம் எடுத்தது. விருந்தினர்களின் 286 படங்கள் 1899இல் ஆல்பமாக அச்சிடப்பட்டன. இன்றைய காஸ்ப்ளே போட்டோஷூட்டுக்கு இதைவிட நெருங்கிய மூதாதை கிடைக்காது: வேடம், பொருத்தமான பின்னணி, தொழில்முறைக் கேமரா, பிறகு நண்பர்களிடையே சுற்றிவரும் படத்தொகுப்பு. ஆனாலும் அந்த ஆல்பத்தைப் புரட்டினால் ஒவ்வொரு படத்தின் கீழும் அணிந்தவரின் பட்டமும் அவர் போட்ட வேடத்தின் பெயரும் இருக்கும். அந்தச் சரிகையையும் முத்தையும் வைத்துத் தைத்த பெண்களின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை, இருக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. பார்த்து வியந்தவர்கள் வியந்தது செலவை. தையல் என்பது கடைக்காரரின் வேலை. அங்கே கூட்டம் இருந்தது, தொடர்ச்சி இருந்தது. தைப்பவரும் பார்ப்பவரும் ஒரே கூட்டத்தில் இல்லை. அதனால்தான் பணமும் பட்டமும் குறைந்த நாளில் அந்த வழக்கமும் வற்றிப்போனது.

கேரவன் ஹாலில் இருந்தவர்களோ பத்திரிகைகளில் பைசாக்கணக்கில் விற்ற கதைகளைப் படித்து, ஆசிரியருக்குக் கடிதம் எழுதி, கடிதப் பகுதியில் அச்சான முகவரிகள் வழியாக ஒருவரையொருவர் கண்டுபிடித்தவர்கள். ஃப்ராங்க் பாலின் ஓவியங்கள் அவர்களுக்கு மனப்பாடம். அந்த மாநாட்டின் சிறப்பு விருந்தினரே அவர்தான். டக்ளஸின் உடையைப் பார்த்ததும் அது எந்த ஊற்றிலிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியும். வெளியில் நிலைமை வேறு. அதே உடையில் நகரத்துக்குள் போனபோது பிள்ளைகள் தன்னை ஃப்ளாஷ் கார்டன் என்றும் பக் ராஜர்ஸ் என்றும் கத்தி அழைத்ததை ஆக்கர்மன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். வெளியார் கண்ணுக்குத் தெரிந்த ஏதோ ஒரு பாத்திரமாகத்தான் அது பட்டது. மாநாட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே துணி இரண்டு வேறு பொருளாக இருந்ததே, அன்று புதிதாக ஒன்று உருவாகியிருந்தது என்பதற்கு நல்ல சாட்சி.

அந்தப் புதியது வழக்கமாக மாறியது மறு ஆண்டு சிகாகோவில். வரலாற்று நூல்கள் இந்த இரண்டாம் மாநாட்டை விரைவாகக் கடந்துவிடும்; எனக்கோ முதலாவதைவிட இதுதான் முக்கியமாகப் படுகிறது. அங்கே இரண்டு மாறுவேடக் கூடல்கள் நடந்தன. ஒன்று நிகழ்ச்சிநிரலில் அறிவித்தது. இன்னொன்று அதிகாரபூர்வமற்றது, நடந்த இடம் டக்ளஸின் அறை. முதல் ஆண்டு இரண்டே பேர் போட்ட வேடம் பன்னிரண்டே மாதத்தில் போட்டியாகிவிட்டது. வென்றவர் டேவிட் கைல், ஃப்ளாஷ் கார்டன் கதையின் வில்லன் மிங் வேடத்தில். அந்த உடையை உருவாக்கியவர் லெஸ்லி பெரி என்ற பெயரில் எழுதிய, வரைந்த ஒரு பெண். இரண்டாம் பரிசு ராபர்ட் லவுண்டஸுக்கு. 1939இலும் 1940இலும் ஒரே அமைப்புத்தான்: மேடையில் ஓர் ஆண், ஊசியில் ஒரு பெண். டக்ளஸ் மட்டும் தானும் அணிந்துகொண்டார்.

தையல் பெண்களின் வேலையாக இருந்த காலத்தில் இது இயல்புதானே, இதில் வரலாறு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அந்த இயல்புதான் வரலாறு. கதை எழுதுவதும், இதழ் நடத்துவதும், மாநாட்டில் தலைமை தாங்குவதும் பெரும்பாலும் ஆண்களிடம் இருந்த ஒரு வட்டத்தில், பெண்கள் தங்களுக்கென்று கொண்டுவந்த திறமை வீட்டில் கற்ற தையல். சீட்டித்துணியிலிருந்து நட்சத்திர மண்டலத்து அரசியை வெட்டி எடுக்க அவர்களுக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் இந்த மாறுவேடப் போட்டி மாநாட்டின் மாலை நேரக் கேளிக்கை என்ற இடத்திலிருந்து நகர்ந்து, அதற்காகவே சிலர் வரும் நிகழ்ச்சியாக வளர்ந்தது. 1966 செப்டம்பரில் க்ளீவ்லாந்தில் நடந்த மாநாட்டில் இதன் செல்வாக்கு வெளிப்படையாகத் தெரிந்தது. ‘ஸ்டார் ட்ரெக்’ தொடர் தொலைக்காட்சியில் தொடங்க இன்னும் சில நாட்களே இருந்தன. அதன் தயாரிப்பாளர் ஜீன் ராடன்பெர்ரி தன் தொடரின் உடைகளைத் தூக்கிக்கொண்டு ரசிகர்களின் எதிர்கால உடை அலங்கார நிகழ்ச்சியில் இடம் கேட்டு வந்தார். அதை நடத்திக்கொண்டிருந்தவர் பீஜோ ட்ரிம்பிள் என்ற பெண். அந்தத் தொடர் நிறுத்தப்படாமல் இருக்க 1968இல் கடிதப் போராட்டம் நடத்தியவர்களில் முன்னணியில் நின்றவரும் அவரே.

கைத்தொழில் ஒன்று முதிர்ந்துவிட்டது என்பதற்கு அடையாளம் அதற்கென்று விதிகள் பிறப்பது. அந்த விதிகள் பிறந்த கதைகள் எப்போதும் கௌரவமானவையாக இருப்பதில்லை. 1972 லாஸ் ஏஞ்சலிஸ் மாநாட்டில் ஸ்காட் ஷா என்ற சித்திரக்காரர் உடம்பெல்லாம் வேர்க்கடலை வெண்ணெய் பூசிக்கொண்டு மேடையேறினார். விளக்கு வெப்பத்தில் அது உருகி, நாறி, பக்கத்தில் நின்ற பிறரின் மாதக்கணக்கான உழைப்பில் ஒட்டி நாசம் செய்தது. அதன்பின் வேர்க்கடலை வெண்ணெய்க்குத் தடை விதித்த மாநாடுகள் பல. இந்தச் சம்பவத்தைச் சிரிப்புக்காகச் சொல்வார்கள். ஆனால் அந்த விதி எதைக் காப்பாற்றுகிறது என்று பாருங்கள்: பக்கத்து ஆளின் துணியை. பிறகு வந்த ஏற்பாடுகள் இன்னும் தெளிவானவை. புதியவர்கள், தேர்ச்சி பெற்றவர்கள், கைதேர்ந்தவர்கள் என்று போட்டியாளர்களை வகுப்பு பிரித்தார்கள். மேடைத் தோற்றத்துக்கு ஒரு நடுவர் குழு, கைவேலைக்கு வேறு நடுவர்கள் என்று பிரித்தார்கள். இந்த இரண்டாம் வகை நடுவர்கள் மேடைக்குப் பின்னால் நின்று உடையை உள்ளே திருப்பிப் பார்ப்பார்கள். தையல் ஓரம் எப்படி மடிக்கப்பட்டிருக்கிறது, உள்துணி எப்படி அமைந்திருக்கிறது என்று கேள்வி கேட்பார்கள். அரங்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆயிரம் பேருக்கும் தெரியாத இடத்துக்குப் பரிசு கொடுக்கிறார்கள். அறிவிப்பாளர் யார் அணிந்தது என்பதோடு யார் வடிவமைத்தது, யார் செய்தது என்றும் சேர்த்து வாசிப்பார். 1983இல் சான் டியேகோவில் உடைக்கலைஞர்களுக்கே தனியான ‘காஸ்ட்யூம்-கான்’ மாநாடு தொடங்கியது. டெவன்ஷர் ஆல்பத்தில் இல்லாதது எதுவோ அது இங்கே விதியாகவே எழுதப்பட்டுவிட்டது.

இவ்வளவையும் கேட்டபிறகும், காஸ்ப்ளே ஜப்பானியக் கலைதானே, அமெரிக்க மாநாடுகளை ஏன் முன்னே நிறுத்தவேண்டும் என்ற கேள்வி எஞ்சும். நியாயமான கேள்வி. பெயர் ஜப்பானில் பிறந்தது. உலகம் முழுவதும் இதைக் கொண்டுபோனவை மங்கா சித்திரக்கதைகளும் அனிமே இயங்குபடங்களும். வழக்கமாகச் சொல்லப்படும் கதைப்படி, ஸ்டுடியோ ஹார்ட் நிறுவனத்தின் நொபுயுகி டகஹாஷி 1984இல் லாஸ் ஏஞ்சலிஸ் உலக மாநாட்டில் மாறுவேடப் போட்டியைப் பார்த்து வியந்து, ஊர் திரும்பிப் பெயர் சூட்டி எழுத, ஜப்பானில் அது பரவியது. இந்தக் கதையை நாட்காட்டியே மறுக்கிறது. அந்தப் பெயர் ‘மை அனிமே’ பத்திரிகையின் 1983 ஜூன் இதழிலேயே வந்துவிட்டது. பெயர் வைப்பதற்கு ஏற்கெனவே ஒரு பழக்கம் இருந்திருக்கவேண்டும் அல்லவா? இருந்தது. மீண்டும் அதைத் தேடவேண்டிய இடம் பெண்களின் கூட்டம்.

1975 டிசம்பர் 21ஆம் தேதி டோக்கியோவில் ‘காமிக் மார்க்கெட்’ முதன்முறையாக நடந்தது. கையால் செய்த மங்கா இதழ்களை ரசிகர்களே விற்று ரசிகர்களே வாங்கும் சந்தை. 32 குழுக்கள் கடை போட்டன. வந்தவர்கள் ஏறத்தாழ 700 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பள்ளிக்கூடப் பெண்கள். அந்த நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் மனையியல் பாடம் 1990களின் முற்பகுதி வரை பெண்களுக்கு மட்டுமே கட்டாயமாக இருந்தது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். அளவெடுக்கவும் வெட்டவும் தைக்கவும் அரசாங்கமே கற்றுக்கொடுத்தது. நல்ல இல்லத்தரசிகளை உருவாக்குவதற்காக. அவர்கள் அதை எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று பாடத்திட்டம் வகுத்தவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். சில ஆண்டுகளிலேயே மங்கா பாத்திரங்களாக உடுத்தியவர்கள் அந்தச் சந்தையில் தென்படத் தொடங்கினார்கள். 1978இல் ஹகோனே மலைப்பகுதியில் ஆஷி ஏரிக்கரையில் ஜப்பானிய அறிவியல் புனைகதை மாநாடு நடந்தது. பிற்காலத்தில் மதிப்புமிக்க விமர்சகராக விளங்கிய மாரி கொதானி அங்கே தானே தைத்த உடையில் வந்தார். எட்கர் ரைஸ் பரோஸ் எழுதிய செவ்வாய்க்கிரக நாவல் ஒன்றின் அட்டைப்படத்தைப் பார்த்துத் தைத்தது அது. ஆனால் கூட்டத்தில் பலர் அதை ஒசாமு தெஸுகாவின் ‘கடலின் ட்ரைட்டன்’ நாயகன் என்றே எடுத்துக்கொண்டார்கள். கொதானியோடு வந்திருந்தவர்கள் ட்ரைட்டன் ரசிகர் மன்றத்தினர் என்பதால் அப்படித் தோன்றுவதற்கு இடமும் இருந்தது. அதே மாநாட்டில் இன்னொருவர், தங்கியிருந்த விடுதியின் கழிப்பறைக் காகிதச் சுருளை எடுத்து முகத்தில் சுற்றிக்கொண்டு ‘ஸ்டார் வார்ஸ்’ பாலைவனக் கொள்ளையராக வந்துநின்றார் என்பது உபரித் தகவல்.

நியூயார்க்கின் ஆக்கர்மனை ஃப்ளாஷ் கார்டன் என்றார்கள், ஹகோனேயின் கொதானியை ட்ரைட்டன் என்றார்கள். இரண்டு நாடுகளிலும் தொடக்கமாகக் காட்டப்படும் வேடங்கள் தவறாக அடையாளம் காணப்பட்டவை. இதைச் சுவையான ஒற்றுமை என்று விட்டுவிட மனம் வரவில்லை. ஒரு பாத்திரத்தை உருவாக்குவதில் பார்க்கிறவர்களுக்கு எவ்வளவு பங்கிருக்கிறது என்பதை இந்தத் தவறுகள் காட்டுகின்றன. நியூயார்க்கில் தவறாகக் கண்டவர்கள் தெருவில் போனவர்கள். ஹகோனேயிலோ தவறாகக் கண்டவர்கள் ரசிகர்களே. அவர்களுக்கு ஏதோ ஒரு பாத்திரமாக அது தெரிந்தே ஆகவேண்டியிருந்தது, அவ்வளவு தீவிரமான வாசிப்பு அந்தக் கூட்டத்தில் அப்போதே இருந்தது. 1980 முதல் அந்த மாநாடுகளில் வேடப் போட்டி நிலையான நிகழ்ச்சியானது. ஆக, அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த சரக்கு என்பதும், ஜப்பானிலேயே முளைத்தது என்பதும் இரண்டும் அரைகுறை உண்மைகள். பரோஸின் அட்டைப்படமும் ‘ஸ்டார் வார்ஸ்’ படமும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. தையல் தெரிந்த பெண்களும் அவர்களின் மன்றங்களும் ஜப்பானிலேயே இருந்தவை.

ஜப்பானிய மாநாடுகளின் விதிகள் அமெரிக்காவிலிருந்து வேறுபட்டதும் கவனிக்கத்தக்கது. காமிக் மார்க்கெட்டுக்கு வேடத்தோடு வீட்டிலிருந்து கிளம்பி வரக்கூடாது. உள்ளே தனியாக உடைமாற்றும் அறை உண்டு. முடிந்ததும் சாதாரண உடைக்கு மாறித்தான் ரயில் ஏறவேண்டும். நீளமான வாள், ஈட்டி போன்றவற்றுக்கும் கட்டுப்பாடு. அக்கம்பக்கத்தாரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற ஜப்பானிய ஒழுங்கு இது என்று சுற்றுலா எழுத்தாளர்கள் விளக்குவார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் வேடம் புரியும் இடம், புரியாத இடம் என்ற எல்லைக்கோட்டை இவ்வளவு தெளிவாக வேறு எந்த விதியும் வரையவில்லை. ஆக்கர்மன் நியூயார்க் தெருவில் அனுபவித்ததை இவர்கள் சட்டமாக்கிவிட்டார்கள்.

அடுத்து, கொஞ்சம் கடுமையான ஆட்சேபம். என்னதான் கைத்தொழில் என்று புகழ்ந்தாலும், இவர்கள் தைப்பது பெருநிறுவனங்களின் சொத்துகளைத்தானே? சொந்தமாக எதையும் படைக்காமல் டிஸ்னிக்கும் மார்வெலுக்கும் இலவச விளம்பரம் செய்கிற நுகர்வோர்தானே இவர்கள்? இதில் பாதியை ஒப்புக்கொள்ளவேண்டியதுதான். மாநாடுகள் இன்று பெரும் வணிகம். படநிறுவனங்கள் வேடக்காரர்களைக் கொண்டாடுவது அன்பினால் மட்டுமில்லை. ஆனால் கொடுக்கல் வாங்கல் ஒருவழிப் பாதை அல்ல. ‘ஸ்டார் வார்ஸ்’ வெள்ளைக் கவச வீரர்களாக உடுத்துவதற்காக 1997இல் அமெரிக்காவில் ரசிகர்கள் ‘501ஸ்ட் லீஜன்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அந்தப் படைப்பிரிவு எண் ரசிகர்களின் கற்பனை. 2004இல் வெளிவந்த அதிகாரபூர்வ நாவலிலும் 2005 படத்தைச் சுற்றிய கதையுலகிலும் அதே எண்ணில் படைப்பிரிவு இடம்பெற்றது. சொத்தின் உரிமையாளர் நகலெடுத்தவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டார். அதே கவசத்தின் தலைப்பகுதியை முதல் படத்துக்காக வார்த்துக் கொடுத்த ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த் என்ற ஆங்கிலேயக் கைவினைஞர் பிற்பாடு தன் அச்சுகளைக்கொண்டு செய்து விற்றபோது லூகாஸ்ஃபிலிம் வழக்குத் தொடுத்தது. 2011 ஜூலையில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அந்தத் தலைக்கவசம் சிற்பம் ஆகாது, படத்தில் பயன்படும் ஒரு பொருள்தான் என்று தீர்ப்பளித்தது. பிரிட்டனின் பதிப்புரிமைச் சட்டப்படி அவரைத் தடுக்க முடியவில்லை. உடை என்பது படைப்பா, பயன்பொருளா என்ற கேள்வி 2017இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் விளையாட்டு உற்சாகக் குழுவினரின் சீருடை வழக்காக வந்தபோது, வேடம் தைக்கும் ரசிகர் அமைப்புகளும் தங்கள் தரப்பை எழுதிக் கொடுத்தன. தாங்கள் தைப்பதற்குச் சட்டத்தில் என்ன பெயர் என்று கவலைப்படும் அளவுக்கு அவர்கள் தங்களைக் கைவினைஞர்களாகவே நினைக்கிறார்கள். வெறும் நுகர்வோருக்கு அந்தக் கவலை வராது.

நம் ஊருக்கு வந்தால், சென்னையில் 2024 பிப்ரவரியில் முதல் காமிக் கான் ரசிகர் மாநாடு நடந்தபோது, வேடம் போடுவது நமக்கென்ன புதிதா என்ற குரல் எழுந்திருந்தால் வியப்பில்லை. குலசேகரன்பட்டினம் தசராவில் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு காளியாகவும் குறத்தியாகவும் குரங்காகவும் வேடமிட்டுத் தெருத்தெருவாகக் காணிக்கை வாங்குகிறவர்கள் எண்ணிக்கையில் எந்த மாநாட்டையும் மிஞ்சுவார்கள். பள்ளிக்கூட மாறுவேடப் போட்டியில் பாரதியாராக முண்டாசு கட்டாத பிள்ளையும் குறைவு. ஆனாலும் இவை வேறு வேறு. நேர்த்திக்கடன் வேடத்தைப் பார்க்கிறவர் காணிக்கை போடுகிறார், தையலைத் தூக்கிப் பார்ப்பதில்லை; பார்ப்பது அபசாரம்கூட. அந்த வேடம் அம்மனுக்கானது. பள்ளிப் பிள்ளையின் வேடம் பெற்றோருக்கும் நடுவருக்கும் ஆனது. தன்னைப்போலவே தைக்கிற இன்னொருவரின் கண்ணுக்காக ஒன்றைத் தைப்பது என்பது இந்த மரபுகளில் இல்லாத உறவு. உயர்வு தாழ்வு சொல்ல இதில் ஒன்றும் இல்லை.

கடைசியாக, நிகழ்காலத்திலிருந்து ஓர் ஆட்சேபம்: இந்த வாதமெல்லாம் பழைய காலத்துக்கு, இன்று உடையை இணையத்தில் வாங்கிவிடலாம், கவசத்தை முப்பரிமாண அச்சு இயந்திரம் செய்துவிடும், மேடையைவிடப் புகைப்படம்தான் முக்கியம் என்பது. போட்டோஷூட் இந்தக் கலையை நிச்சயம் மாற்றியிருக்கிறது. மேடை உடை நூறடி தூரத்திலிருந்து பார்க்கத் தைக்கப்பட்டது, ஆனால் ஓரிரு நிமிடம் நடந்து காட்டித் தாக்குப்பிடிக்கவேண்டும். புகைப்பட உடை ஒரு கோணத்திலிருந்து மட்டும் சரியாக இருந்தால் போதும். பின்பக்கம் ஊக்குகள் தெரிந்தாலும் கேமராவுக்குத் தெரியாது. அதிகாரமும் கைமாறியது. வேடமிட்ட பெண்ணைச் சுற்றி வட்டமிட்டு நிற்கும் கேமராக்காரர்கள் அவரைப் பார்க்கும் பார்வை, தையல் தெரிந்தவரின் பார்வை அல்ல. வேடம் போட்டிருப்பது தொடுவதற்கான சம்மதம் ஆகாது என்று 2014இல் நியூயார்க் காமிக் கான் பலகை வைத்து அறிவிக்கவேண்டிய நிலை வந்தது. இந்தப் பகுதியில் என் வாதம் தளர்ந்துதான் போகிறது, அதை மறைப்பதற்கில்லை: புரிந்துகொள்ளும் கூட்டத்தின் இடத்தில் வெறுமனே பார்க்கும் கூட்டம் பெருகியிருக்கிறது.

ஆனால் இயந்திரங்கள் பற்றிய கவலை எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஃபோம் ஷீட்டை வெட்டி, வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் வளைத்து, ஒட்டுக்கோடு தெரியாமல் தேய்த்து, இரும்பென்று நம்பும்படி வண்ணம் ஏற்றுவதும் ஊசிவேலையைப்போல ஒரு வேலைதான். அச்சு இயந்திரத்திலிருந்து வரும் தலைக்கவசமும் வரிவரியாகக் கரடுமுரடாகத்தான் வரும். அதை உப்புத்தாள் போட்டு உட்கார்ந்து தேய்க்கிறவர் ஒருவர் வேண்டும். வாங்கிய உடையைப் பற்றி இந்தக் கூட்டத்தின் நிலை இன்னும் சுவாரசியமானது. வாங்கி அணிவதை யாரும் தடுப்பதில்லை. ஆனால் எங்கே பரிசு இருக்கிறதோ அங்கே பழைய கேள்வி திரும்பிவிடும். 2003இல் ஜப்பானின் நகோயா நகரில் ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி விருந்தினர்களோடு தொடங்கி, 2005 முதல் நாடுகளுக்கிடையிலான போட்டியாக மாறிய உலக காஸ்ப்ளே மாநாட்டில் பங்கேற்கிறவர்கள் உடையைத் தாங்களே செய்திருக்கவேண்டும். அதை எப்படிச் செய்தார்கள் என்று நடுவர்களுக்கு விளக்கத் தெரியவேண்டும். ஜப்பானிய வெளியுறவு அமைச்சகம் ஆதரவு தரும் அளவுக்கு ராஜாங்க மரியாதை பெற்ற மேடை அது. அங்கே ஏறுகிற எவரிடமும் கேட்கப்படும் கேள்வி, 1939இல் டக்ளஸிடம் யாரும் கேட்டுப் பதிவுசெய்து வைக்காத கேள்விதான். கூலிக்குத் தைத்துக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இப்போது எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய உடையை அணிந்து படம் வெளியிடுகிறவர், தைத்தவரின் பெயரைக் குறிப்பிடாவிட்டால் அந்த வட்டாரத்தில் கெட்ட பெயர்தான் மிஞ்சும்.